பரோக் (சுமார் 1600–1750 கால ஐரோப்பிய) இசைத்தாளில் பாஸ் (அடி) சுரங்களுக்குக் கீழே 6, 7, 4–3 என்று எண்கள் இருக்கின்றனவே, அவை விரல் எண்களா?

இல்லை. அது 'பாஸோ கன்டின்யுவோ' எழுத்துமுறை. 1600 வாக்கில் இத்தாலியில் அச்சேறி, பாக், ஹேண்டல் காலம் வரை நீடித்தது. செல்லோ போன்ற ஒரு கருவி பாஸ் வரியை வாசிக்கும். ஹார்ப்சிகார்டோ (பியானோ போன்ற பழைய விசைக் கருவி) ஆர்கனோ தியார்போவோ (நீண்ட கழுத்துள்ள தந்திக் கருவி) எண்களைப் பார்த்து மேல் சுரங்களைக் கூட்டும்.

எண்ணை எப்போதும் பாஸ் சுரத்திலிருந்தே எண்ணுங்கள். பாஸ் சுரம்தான் 1. ஸ்கேலின் ஆதார சுரத்திலிருந்து எண்ணுவதே புதியவர்கள் செய்யும் முதல் தப்பு. சி மேஜரில் (சி, டி, ஈ, எஃப், ஜி, ஏ, பி என்ற ஸ்கேல்) பாஸ் 'ஈ', கீழே 6 என்றால் ஈ, ஜி, சி. மூன்றாவதை எழுதாவிட்டாலும் சேர்க்க வேண்டும். எண்ணே இல்லையென்றால் 3, 5. பாஸ் 'ஜி'யில் 4–3 வந்தால் 'சி'யைப் பிடித்து நிறுத்தி 'பி'க்கு இறக்குங்கள். அந்த உரசல்தான் ருசியே. தனியாக நிற்கும் ஷார்ப் குறி (♯, சுரத்தை அரைப்படி உயர்த்துவது) மூன்றாவது சுரத்துக்கு உரியது: ஏ மைனரில் பாஸ் 'ஈ' என்றால் ஜி ஷார்ப்.

வலது கை பாஸோடு ஒரே திசையில் ஓடினால் அடுத்தடுத்து ஐந்தாம் இடைவெளிகள் விழுந்து காதை உறுத்தும், எதிர்த்திசையில் நகர்த்துங்கள். இன்றைய பதிப்புகளில் சிறிய எழுத்தில் வலது கைக்கு அச்சிட்டிருப்பது பெரும்பாலும் பதிப்பாசிரியர் எழுதியது. பிடிக்காவிட்டால் தாராளமாக மாற்றலாம்.