காசு வாங்கி வரைந்த சுவர் ஓவியமும் கிராஃபிட்டிதானா?

இல்லை என்பதுதான் என் பதில். கொழும்பில் கஃபே, ஹோட்டல், அலுவலக மதில்களுக்குப் படம் வரைந்து கொடுப்பது என் தொழில். அதனால் இந்தக் கேள்வி எனக்கு முக்கியமானது.

பலர் காசை வைத்துத்தான் பிரிக்கிறார்கள். எனக்கு அது சரியாகப் படவில்லை. 2019 நவம்பரில் ஜனாதிபதித் தேர்தல் முடிந்த கையோடு கொழும்பிலும் மற்ற ஊர்களிலும் இளைஞர்கள் கூட்டங்கூட்டமாக மதில்களில் வரைந்தார்களே, அது சம்பளத்துக்குச் செய்த வேலை இல்லை. ஆனால் பட்டப்பகலில், யாரும் தடுக்காமல், போகிறவர் வருகிறவர் பாராட்ட நடந்தது. பழைய மன்னர்களும் படையினரும் நிறைந்த அந்த மதில்களில் எங்கள் கதை எங்கே என்று அப்போதே கேட்டவர்கள் உண்டு. 2022இல் காலிமுகத்திடல் போராட்டத்தின்போது ஜனாதிபதி செயலகத்தைச் சுற்றி ஸ்ப்ரே அடித்து எழுதிய வாசகங்களுக்கும் யாரும் காசு கொடுக்கவில்லை. ஆனால் எழுதியவர்கள் யாரிடமும் கேட்கவும் இல்லை. எனக்கு கிராஃபிட்டி என்றால் அதுதான்: மதிலுக்குச் சொந்தக்காரர் "வேண்டாம்" என்று சொல்ல இடம் கொடுக்காமல் வருவது.

ஓர்டர் வேலையில் முதலில் ஸ்கெட்ச் போகும். "சிவப்பைக் கொஞ்சம் குறைக்கலாமா?" என்று திரும்பி வரும். குறைப்பேன். வெள்ளவத்தைப் பக்கம் கடற்காற்றில் உப்புப் பூத்த மதில் என்றால் கம்பி பிரஷால் உரசி, கழுவி, நன்றாகக் காயவிட்டு, பிரைமர் அடித்த பிறகுதான் தொடலாம். இல்லாவிட்டால் பொருக்குப் பொருக்காக உதிர்ந்துவிடும். இரவில் ஸ்ப்ரே அடிப்பவருக்கு அந்த அவகாசம் ஏது? அவசரத்தில் சுவரோடு ஒட்டி நின்று அடித்தால் பெயின்ட் வழியும், வழிந்தபடியே விட்டுவிட்டுப் போக வேண்டியதுதான். இப்போது அந்த வழிசலையே கேட்டு வாங்குகிறார்கள். "கொஞ்சம் வழிஞ்ச மாதிரி வையுங்கோ தம்பி" என்பார்கள். மெல்லிய பிரஷால் ஒவ்வொரு சொட்டாக வரைந்து கொடுக்கிறேன். அழகாகத்தான் வருகிறது. ஆனாலும் அது கிராஃபிட்டியின் தோற்றம் மட்டும்தான்.

அதற்காக ஓர்டர் வேலை மட்டம் என்று சொல்லவில்லை. அமெரிக்க ஓவியர் கீத் ஹாரிங் 1986இல் நியூயோர்க்கில் ஒரு விளையாட்டுத் திடல் சுவரில் போதைப்பொருளுக்கு எதிராக அனுமதியில்லாமல் வரைந்தார், அபராதம் விதித்தார்கள். அப்புறம் அந்த ஓவியம் அழிந்துபோக, நகரப் பூங்காத் துறையே அவரைக் கூப்பிட்டுத் திரும்ப வரையச் சொன்னது. அதே ஆள், அதே சுவர், அதே வாசகம். முதலாவது கிராஃபிட்டி, இரண்டாவது சுவர் ஓவியம். இரண்டாவதில் அவர் ஒன்றும் பொய் சொல்லவில்லையே.

பெயரை விடுங்கள், அனுமதி கேட்டு வரைபவர்கள் கவனிக்க வேண்டியது வேறு. நியூயோர்க்கில் ஃபைவ் பொயின்ட்ஸ் கட்டடத்தில் அனுமதியோடு வரைந்திருந்த ஓவியங்களை 2013இல் உரிமையாளர் ஒரே இரவில் வெள்ளையடித்து மறைத்தார். 2018இல் நீதிமன்றம் 21 ஓவியர்களுக்கு 67.5 லட்சம் டொலர் கொடுக்கச் சொன்னது. எங்களுடைய 2003ஆம் ஆண்டுப் புலமைச் சொத்துச் சட்டமும் படைப்பில் தன் பெயர் இருக்க வேண்டும் என்று கேட்கவும், அதைச் சிதைப்பதை எதிர்க்கவும் ஓவியருக்கு உரிமை தருகிறது. ஆகவே முற்பணம் வாங்கும்போதே, உங்கள் பெயர் எங்கே வரும், ஓவியம் எத்தனை வருடம் இருக்கும், அழிப்பதற்கு முன் உங்களுக்கு அறிவிப்பார்களா என்பதை எழுத்தில் வாங்கிவிடுங்கள்.