ஆறினால் ஓடும், சூடானால் நிற்கும்

பட்டறைப் பதில்கள்: பழைய வண்டிக்காரர்களுக்கான பகுதி

கேள்வி: அண்ணே, அப்பா ஓட்டிய 1976 மாடல் புல்லட் 350 என்னிடம் இருக்கிறது. காலையில் இரண்டாவது கிக்கிலேயே ஸ்டார்ட் ஆகிவிடும். காரைக்குடியில் கிளம்பி திருப்பத்தூரை நெருங்கும் வரை ராஜா மாதிரி போகும். அதற்கப்புறம் இழுவை குறையும். ஆக்ஸிலேட்டரை முறுக்கினால் 'பொக் பொக்' என்று இருமும். 60-இல் போன வண்டி 30-க்கு இறங்கி, கடைசியில் நின்றே போகும். அரை மணி நேரம் மரத்தடியில் போட்டால் ஒன்றுமே நடக்காதது மாதிரி கிளம்புகிறது. ஆனால் அடுத்த முறை ஐந்தாறு கிலோமீட்டரிலேயே படுத்துவிடுகிறது. பிளக் இரண்டு தடவை மாற்றியாச்சு, கார்புரேட்டர் கழுவியாச்சு. இப்போது ரீபோர் (சிலிண்டரைக் கடைந்து பெரிய பிஸ்டன் போடுவது) பண்ணச் சொல்கிறார்கள். போன தீபாவளிக்கு, ஹெட்லைட் வெளிச்சம் போதவில்லை என்று 12 வோல்ட்டுக்கு மாற்றியதைத் தவிர நான் வண்டியில் கை வைக்கவே இல்லை. ரீபோர் பண்ணலாமா?
– காரைக்குடி வாசகர்

பதில்: ரீபோருக்கு இப்போதைக்கு ஒரு கும்பிடு போடுங்கள் தம்பி. சிலிண்டர் தேய்ந்த வண்டி காலையிலும் இழுக்காது, சாயங்காலமும் இழுக்காது. சைலன்சரில் நீலப்புகை தள்ளும், பிளக்கில் ஆயில் ஏறும். தேய்ந்த சிலிண்டர் அரை மணி நேரம் மரத்தடியில் நின்றதும் வளர்ந்துவிடாது. ஆறினதும் சரியாகிற நோய் வேறு ரகம்.

உங்கள் கடிதத்தில் முக்கியமான வரி, 'தவிர' என்று போட்டு நீங்கள் ஓரமாகத் தள்ளிய வரிதான். அந்தக் காலத்து புல்லட் 6 வோல்ட். மாற்றும்போது பேட்டரி, பல்ப், ஹாரன் எல்லாம் மாற்றியிருப்பார்கள். பிளக்கில் பொறி வர உயர் வோல்ட் உண்டாக்கும் இக்னிஷன் காயிலை மாற்றினார்களா? பல இடங்களில் மாற்றுவதில்லை. மாற்றாவிட்டாலும் வண்டி ஸ்டார்ட் ஆகும், முன்னைவிட நன்றாகவே ஆகும். அதனால் யாருக்கும் சந்தேகம் வராது.

6 வோல்ட் காயிலின் பிரைமரி சுற்றில் (பேட்டரி கரண்ட் ஓடும் கம்பிச் சுற்று) ரெசிஸ்டன்ஸ் சுமார் ஒன்றரை ஓம். 6 வோல்ட் கொடுத்தால் 4 ஆம்பியர் இழுக்கும், அதாவது 24 வாட். அதே காயிலுக்கு 12 வோல்ட் கொடுத்தால் 8 ஆம்பியர், 96 வாட். கரண்ட் இரண்டு மடங்கு, சூடு நாலு மடங்கு. காயிலுக்கான கரண்டை இணைத்துத் துண்டிக்கும் சுவிட்சான பாயின்ட் மூடியிருக்கும் நேரமெல்லாம், கிட்டத்தட்ட நூறு வாட் குண்டு பல்பின் சூட்டை உள்ளங்கை அளவு டப்பாவுக்குள் போட்டு அடைத்த கதை. உள்ளே முடி மாதிரி மெல்லிய கம்பி ஆயிரக்கணக்கான சுற்று சுற்றியிருக்கும். அதன் மேல்பூச்சு சூட்டில் பலமிழக்கும்போது, பிளக்குக்குப் போக வேண்டிய கரண்ட் காயிலுக்குள்ளேயே கசியும். ஆறினதும் பூச்சு மறுபடி தாக்குப்பிடிக்கும். இப்படி ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் கொஞ்சமாகக் கெட்டு, ஒருநாள் நிரந்தரமாகப் போய்விடும். முறுக்கும்போது இருமுவதும் இதனால்தான். சிலிண்டருக்குள் அழுத்தம் கூடக் கூட, பிளக் இடைவெளியைத் தாண்ட அதிக வோல்ட் வேண்டும். சூடான காயிலால் அதைக் கொடுக்க முடியாது.

முதலில் காயிலின் மேல் என்ன அச்சடித்திருக்கிறது என்று துடைத்துப் பாருங்கள். எழுத்து அழிந்திருந்தால், சாவியை அணைத்து, காயிலின் இரண்டு சின்ன முனைகளிலிருந்தும் ஒயரைக் கழற்றிவிட்டு, மல்டிமீட்டரை ஓம் அளவில் வைத்து அளந்து பாருங்கள். அதற்கு முன்னால் மீட்டரின் இரண்டு குச்சிகளையும் ஒன்றோடொன்று தொடவைத்து என்ன காட்டுகிறது என்று பார்த்து, அதைக் கழித்துவிட வேண்டும். மலிவு மீட்டர்களில் ஒயருக்கே அரை ஓம் காட்டும். ஒன்றரைக்கும் மூன்றுக்கும் வித்தியாசம் பார்க்கிற வேலையில் அது பெரிய கோளாறு. 3 ஓமோ அதற்கு மேலோ வந்தால் 12 வோல்ட் காயில். ஒன்றரையை ஒட்டி வந்தால் கதை முடிந்தது, 12 வோல்ட் காயில் வாங்கிப் போடுங்கள். கூடவே பாயின்ட்டையும், அதில் பொறி வெட்டாமல் காக்கும் கண்டன்சரையும் மாற்றிவிடுங்கள். இரண்டு மடங்கு கரண்டில் ஒரு வருடம் ஓடிய பாயின்ட்டில் ஒரு பக்கம் குழியும் மறுபக்கம் மேடுமாக இருக்கும். பாயின்ட் இடைவெளியை ஃபீலர் கேஜில் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடு) 0.35 முதல் 0.40 மில்லிமீட்டருக்குள் வையுங்கள்.

சரி, காயில் 12 வோல்ட்தான் என்று தெரிந்தால்? அப்போது நான் சொல்வது ஒன்றுதான்: வண்டியை ஆறவைத்துப் பட்டறைக்குக் கொண்டு வராதீர்கள். ஆறின வண்டியில் எந்த மெக்கானிக்காலும் இதைக் கண்டுபிடிக்க முடியாது. அது நின்ற இடத்திலேயே, சூடு ஆறும் முன் பாருங்கள். ஸ்பேனர், பிளக் ஸ்பேனர், ஒரு துண்டு, ஒரு பாட்டில் தண்ணீர் போதும்.

நின்றதும் முதலில் பின் சக்கரத்தின் டிரம்மைத் தொடுங்கள், அப்புறம் முன் டிரம். கை வைக்க முடியாமல் சுட்டால் என்ஜினில் குற்றமே இல்லை. பிரேக்கை இறுக்கி வைத்திருக்கிறீர்கள். ஓட ஓட டிரம் சூடாகி, ஷூ உரசி, வண்டியைப் பின்னாலிருந்து பிடித்து இழுக்கும். சிரிக்காதீர்கள், இதற்கே கார்புரேட்டர் மாற்றியவர்கள் உண்டு.

அடுத்து டேங்க் மூடி. திறக்கும்போது 'புஸ்' என்று காற்று உள்ளே இழுக்கிறதா என்று காதைக் கொடுத்துக் கேளுங்கள். இதைச் சொல்லும்போது எனக்குக் கொஞ்சம் கூச்சமாக இருக்கும். தொழில் பழகி, மேலூர் ரோட்டில் தனியாகப் பட்டறை போட்ட புதிதில், இதே மாதிரி நின்று நின்று போகிற ஒரு புல்லட்டுக்கு நான் ரீபோர் செய்து, புதுப் பிஸ்டன் போட்டு, பில்லும் வாங்கிவிட்டேன். மறுநாளே எட்டாவது கிலோமீட்டரில் வண்டி நின்றது. ஆள் அனுப்பிக் கூப்பிட்டார்கள், சைக்கிளில் போனேன். நான் கார்புரேட்டரைக் கழற்றிக்கொண்டிருக்கும்போது, பக்கத்து டீக்கடையில் உட்கார்ந்திருந்த ஒரு பெரியவர் எழுந்து வந்து, பேசாமல் டேங்க் மூடியைத் திருகினார். 'புஸ்ஸ்'. அடுத்த கிக்கில் வண்டி ஸ்டார்ட். டேங்குக்குப் புது பெயின்ட் அடித்தபோது மூடியிலிருந்த காற்றுத் துளையையும் சேர்த்து அடைத்திருக்கிறார்கள். காற்று உள்ளே போகாவிட்டால் பெட்ரோல் கீழே எப்படி இறங்கும்? குண்டூசியால் குத்தினேன், வேலை முடிந்தது. ரீபோர் பணத்தை மூன்று தவணையில் திருப்பிக் கொடுத்தேன்.

மூடியில் சத்தம் இல்லை என்றால் அதை இறுக்க மூடிவிட்டு, கிக்கர் மேல் ஏறி நில்லுங்கள். காலையில் உங்கள் எடையைத் தாங்கிய கிக்கர், சூட்டில் மெத்தென்று இறங்கினால் வால்வு சரியாக மூடவில்லை. வால்வைத் திறக்க உதவும் டேப்பெட்டை இறுக்கமாக வைத்திருக்கிறார்கள். மறுநாள் காலையில், என்ஜின் நன்றாக ஆறியிருக்கும்போது, சிலிண்டரின் வலது பக்கம் அடியில் உள்ள டேப்பெட் மூடியைக் கழற்றி, பிஸ்டனைக் கம்ப்ரஷன் ஸ்ட்ரோக்கின் உச்சிக்கு (இரண்டு வால்வும் மூடியிருக்கும் நிலை) கொண்டுவந்து, வால்வைத் தள்ளும் தண்டான புஷ் ராடு இரண்டையும் விரலால் சுற்றிப் பாருங்கள். தடையில்லாமல் சுற்ற வேண்டும், ஆனால் மேலும் கீழும் ஆட்டம் இருக்கக் கூடாது. புல்லட்டில் டேப்பெட் அளவு அவ்வளவுதான், கேஜ் தேவையில்லை.

கம்ப்ரஷனும் நன்றாக இருந்தால் கரண்ட். பிளக்கைக் கழற்றி, கேப்போடு ஹெட்டின் மேல், பிளக் துளையிலிருந்து தள்ளிப் படுக்கவைத்து கிக் அடியுங்கள். வெயிலில் பொறி தெரியாது, துண்டால் நிழல் கட்டிக்கொள்ளுங்கள். நீலமாக 'சட் சட்' என்று வந்தால் நல்லது. மஞ்சளாக, சிவப்பாக, நூல் மாதிரி வந்தால் காயிலோ கண்டன்சரோ. பாயின்ட் மூடியைத் திறந்து பாருங்கள். பாயின்ட் பிரியும்போது அங்கேயே பளிச் பளிச்சென்று பெரிதாக வெட்டினால் கண்டன்சர். அங்கே அமைதியாக இருந்து பிளக்கில் மட்டும் சோகையாக வந்தால் காயில். சாவியை அணைத்துவிட்டு, துண்டை நனைத்துக் காயிலைச் சுற்றிக் கட்டி ஐந்து நிமிடம் விடுங்கள். வண்டிக்கு உயிர் வந்தால் சாட்சி சொல்லிவிட்டது.

ஒரு எச்சரிக்கை: நின்ற வண்டியில் சாவியை ஆன் செய்தபடியே விட்டுவிட்டு யோசிக்காதீர்கள். ஹெட்லைட் தலையில் இருக்கிற ஆம்ப் மீட்டரைப் பாருங்கள், முள் மைனஸ் பக்கம் சாய்ந்து நின்றால் பாயின்ட் மூடியிருக்கிறது என்று அர்த்தம். என்ஜின் ஓடாமலே காயில் கொதித்துக்கொண்டிருக்கும்.

எதில் மாட்டியது என்று ஒரு கார்டு போடுங்கள். நான் பந்தயம் கட்டுவது காயில் மேல்தான்.

கேள்வி: என் யெஸ்டிக்கு ரீபோர் செய்து புதுப் பிஸ்டன் போட்டு 200 கிலோமீட்டர்தான் ஆகிறது. பைபாஸில் 70-இல் போனால் பத்தாவது கிலோமீட்டரில் யாரோ பின்னாலிருந்து பிடித்த மாதிரி இறுகுகிறது. ஒருமுறை பின் சக்கரமே நின்று கோடு போட்டது. பத்து நிமிடத்தில் கிக்கர் இறங்குகிறது. இதுவும் காயில்தானா?
– திண்டுக்கல் வாசகர்

பதில்: இல்லை, இது ஜாம். உங்கள் உயிர் சம்பந்தப்பட்ட விஷயம், அதனால் முதலில் இது: இறுகுவது தெரிந்த அந்த நொடியில் கிளட்சைப் பிடியுங்கள். புது பிஸ்டன் பழகி இலகுவாக ஓடும்வரை, இடது கையில் இரண்டு விரல் எப்போதும் கிளட்ச் லீவர் மேலேயே இருக்கட்டும்.

அலுமினியப் பிஸ்டன், வார்ப்பிரும்பு சிலிண்டரைவிட வேகமாக விரியும். கடைசல் பட்டறையில் இடைவெளியைக் கம்மியாக வைத்திருந்தால், சூட்டில் பிஸ்டன் போக இடமில்லாமல் சிலிண்டரைக் கவ்வும். சிலிண்டரைக் கழற்றிப் பிஸ்டனைப் பாருங்கள். சுற்றிலும் நாலு இடத்தில் தேய்ந்த கோடு இருந்தால் இடைவெளி போதவில்லை. ரீபோர் செய்தவரிடமே கொண்டுபோய் ஹோனிங் செய்யச் சொல்லுங்கள், அதாவது சிலிண்டரின் உட்புறத்தை லேசாகத் தேய்த்து இடைவெளியைக் கூட்டச் சொல்லுங்கள். சைலன்சர் துளை இருக்கும் பக்கம் மட்டும் கீறியிருந்தால் ஆயில் போதவில்லை, அல்லது காற்று கூடுதலாகக் கலந்து மிக்சர் ஒல்லியாகியிருக்கிறது (பெட்ரோல் பங்கு குறைந்திருக்கிறது). யெஸ்டி டூ ஸ்ட்ரோக் வண்டி, பெட்ரோலிலேயே ஆயில் கலக்க வேண்டும்; அதை அளக்காமல் கண் மதிப்பில் ஊற்றுகிற பழக்கம் இருந்தால் விடுங்கள். பழைய யெஸ்டிக்கு நான் லிட்டருக்கு 40 மில்லி 2டி ஆயில் அளந்து ஊற்றச் சொல்வேன். புகை வருகிறது என்று வீட்டில் திட்டினாலும் பரவாயில்லை. ஆயிலும் சரியாக இருந்து, ஆக்ஸிலேட்டரை விட்ட பிறகும் என்ஜின் சத்தம் இறங்காமல் கத்தினால், கிராங்க் சீல் (என்ஜினுக்குள் காற்றுப் புகாமல் அடைக்கும் ரப்பர் வளையம்) வழியாகக் காற்று இழுக்கிறது. சீல் மாற்றாமல் மறுபடி பிஸ்டன் போட்டால் அதுவும் போகும்.

முதல் 500 கிலோமீட்டருக்கு 50-ஐத் தாண்டாதீர்கள். பைபாஸ் எங்கேயும் போகாது.

கேள்வி: இப்போது வருகிற 20 சதவீத எத்தனால் பெட்ரோலால் என் ஆர்எக்ஸ் 100 சூடாகிறது என்கிறார்கள். உண்மையா?
– பழனி வாசகர்

பதில்: கொஞ்சம் உண்மை. எத்தனாலுக்குள்ளேயே ஆக்சிஜன் இருப்பதால், பழைய ஜெட் (கார்புரேட்டரில் பெட்ரோல் வரும் துளை) அளவில் மிக்சர் சற்று ஒல்லியாகும். ஒரு நீண்ட ஓட்டத்துக்குப் பிறகு அப்படியே அணைத்துப் பிளக்கைப் பாருங்கள். டீ நிறத்தில் இருந்தால் விட்டுவிடுங்கள். சுண்ணாம்பு மாதிரி வெளுத்திருந்தால் மெயின் ஜெட்டை ஒரு அளவு கூட்டுங்கள். பெட்ரோல் டியூப் உப்பி மெத்தென்றாகியிருந்தால் மாற்றுங்கள். வண்டி மாதக்கணக்கில் நிற்கும் என்றால் டேங்க்கைக் காலி செய்துவிடுங்கள், எத்தனால் ஈரத்தை இழுக்கும்.

கேள்வி: சூடாகி நின்ற என்ஜின் மேல் மண்பானைத் தண்ணீர் ஊற்றினால் சீக்கிரம் ஆறுமே, ஊற்றலாமா?
– விருதுநகர் வாசகர்

பதில்: ஆறும். கூடவே ஹெட் கோணும், சிலிண்டர் விரிசல் விடும். காரைக்குடித் தம்பிக்கு நான் ஈரத்துணி சொன்னது காயிலுக்கு, என்ஜினுக்கு இல்லை. பானைத் தண்ணீரை நீங்கள் குடியுங்கள்.