அபாயச் சங்குக்கு நடுவே நுழைவுத் தேர்வு

கேள்வி: போர் நடக்கும் உக்ரைனில் பள்ளி முடிக்கும் பிள்ளைகள் கல்லூரியில் சேர எப்படித் தேர்வு எழுதுகிறார்கள்? பாதியில் அபாயச் சங்கு ஒலித்தால் என்ன செய்வார்கள்?

பதில்: 2022 பிப்ரவரியில் ரஷ்யப் படையெடுப்பு தொடங்கியதும், அந்த ஆண்டின் பள்ளி இறுதித் தேர்வை அரசு ரத்து செய்தது. கல்லூரி நுழைவுக்குப் பாடத்துக்கு ஒரு நாள் என்று நடந்துவந்த காகிதத் தேர்வும் நின்றது. வினாத்தாள் கட்டுகளை ஊர் ஊராகக் கொண்டுபோவதும், பிள்ளைகளைப் பல நாள் திரும்பத் திரும்ப ஓரிடத்தில் கூட்டுவதும் ஆபத்து. பதிலாக, ஒரே நாளில் முடியும் கணினித் தேர்வு வந்தது. உக்ரைன் மொழி, கணக்கு, உக்ரைன் வரலாறு. தலா 20 கேள்வி, மொத்தம் இரண்டு மணி நேரம்.

2024இல் நான்கு பாடமானது. இரண்டு பாடத்துக்கு 120 நிமிடம், 20 நிமிட இடைவேளை, மறுபடி 120 நிமிடம்.

சங்கு ஒலித்தால் தேர்வை நிறுத்திவிட்டு எல்லோரும் பதுங்கிடத்துக்கு இறங்க வேண்டும். ஆபத்து நீங்கியதும் மிச்ச நேரத்தில் தொடரலாம். தொடரவே முடியாமல் போனவர்களுக்குக் கூடுதல் தேர்வு நாள் உண்டு. வாய்ப்பு பறிபோகாது என்பது பெரிய ஆறுதல். ஆனால் கணக்கைப் பாதியில் விட்டு நிலவறையில் உட்கார்ந்துவிட்டு வரும் பிள்ளைக்கு, விட்ட இடத்தைப் பிடிப்பது எவ்வளவு கடினம்!

அகதியாக வெளியேறியவர்கள் வார்சா, பெர்லின் போன்ற நகரங்களிலும் எழுதினார்கள். உக்ரைனின் கார்கிவ் நகரில் 2022 ஜூனில், இடிந்த பள்ளிக் கட்டடத்தின் முன் வால்ட்ஸ் என்ற ஜோடி நடனம் ஆடிய பிள்ளைகளும் அந்த ஆண்டு மாணவர்கள்தான்.