பழைய காஸ் மீற்றர்: மாற்றச் சொல்லிக் கடிதம் வந்தால்

பிரிட்டனில் காஸ் மீற்றர் மாற்றுவது பற்றி வந்த கடிதங்கள் இம்முறை. நீளமானவற்றைச் சுருக்கியிருக்கிறோம்.

எங்கள் மீற்றர் முப்பது வருடத்துக்கு மேல் பழசு. ஆயுள் முடிந்துவிட்டது, மாற்ற வேண்டும் என்று கொம்பனி எழுதுகிறது. தானாகக் கணக்கு அனுப்பும் ஸ்மார்ட் மீற்றர் மட்டும்தான் இருக்கிறதாம். எனக்கு அது வேண்டாம். மறுக்கலாமா?
– ஓய்வுபெற்றவர், ஹரோ

ஸ்மார்ட்டை மறுக்கலாம் ஐயா. மாற்றத்தை மறுக்க முடியாது. மீற்றர் உங்கள் சுவரில் தொங்கினாலும் உங்களுடையது அல்ல. அது சரியாக அளக்கிறதா என்பதற்குக் கொம்பனிதான் பொறுப்பு. பழைய தகர மீற்றர்களுக்குள் தோல் சவ்வு இருக்கும். 1967 முதல் 1977 வரை நாடு முழுவதும் இயற்கை எரிவாயுவுக்கு மாறியது. அந்த வாயு உலர்ந்தது என்பதால் தோல் காய்ந்து அளவு பிசகியது. பின்னர் வந்த செயற்கைச் சவ்வும் என்றென்றைக்கும் உழைக்காது.

போனில் வாதாட வேண்டாம், எழுதிக் கேளுங்கள். முதலில் சாதாரண மீற்றர் கேளுங்கள். கையிருப்பில் இல்லை என்றால், ஸ்மார்ட் மீற்றரைத் தொடர்பு இல்லாமல் பொருத்தித் தரும்படி கேளுங்கள். ஆங்கிலத்தில் ‘டம்ப் மோட்’ என்று சொன்னால் அவர்களுக்கு விளங்கும். ஸ்மார்ட் காஸ் மீற்றர் தானாக வெளியே பேசாது. பற்றரியில் ஓடும் அது, மின்சார மீற்றரின் மேல் இருக்கும் தொடர்புப் பெட்டிக்குத்தான் கணக்கை அனுப்பும். உங்கள் மின்சார மீற்றர் பழையது என்றால் அந்தப் பெட்டியே இருக்காது. ஏற்கெனவே இருக்கிறது என்றால், காஸ் மீற்றரை அதனுடன் இணைக்கக்கூடாது என்று கடிதத்தில் தனியாக எழுதுங்கள். கொம்பனி மாறும்போது புதியவர்களுக்கும் இதைச் சொல்ல வேண்டும்.

இதற்கு விலையும் உண்டு. மாதம்தோறும் நீங்களே ரீடிங் அனுப்ப வேண்டும். சில மலிவான கட்டணத் திட்டங்கள் ஸ்மார்ட் உள்ளவர்களுக்கு மட்டும்தான்.

மூன்று கடிதம் வந்தது. விளம்பரம் என்று நினைத்துக் குப்பையில் போட்டேன். இப்போது கோர்ட், வாரண்ட் என்கிறார்கள். பயமுறுத்தத்தானே?
– வாசகர், ஈஸ்ட்ஹாம்

இல்லை. வாரண்ட் எடுத்து வீட்டுக்குள் வர 1954ஆம் ஆண்டுச் சட்டம் இடம் கொடுக்கிறது. அந்தச் செலவும் உங்கள் கணக்கில் ஏறக்கூடும். இன்றே போன் எடுத்து நாள் குறியுங்கள். காஸ் என்று போட்டு வரும் கடிதத்தைப் பிரித்துக்கூடப் பார்க்காமல் எறிபவருக்கு நான் வேறு என்ன சொல்வது?

மீற்றர் மாற்றிய பிறகு பில் மூன்று மடங்கு ஆகிவிட்டது. வீட்டில் அதே நான்கு பேர், அதே பொயிலர். கேட்டால் ‘குளிர்காலம், குறைவாகப் பாவியுங்கள்’ என்கிறார்கள்.
– இரண்டு பிள்ளைகளின் தாய், மிச்சம்

தங்கச்சி, நீங்கள் கூடுதலாக எதையும் எரிக்கவில்லை என்றே நினைக்கிறேன். இது பழைய நோய். எத்தனை தடவை எழுதினாலும் எனக்குக் கோபம் தணியாத விடயமும் இதுதான்.

பழைய மீற்றர்கள் கன அடியில் அளக்கும். முகப்பில் ft³ என்று இருக்கும், பெரும்பாலும் நான்கு இலக்கம். ஒரு யூனிற் என்றால் நூறு கன அடி, அதாவது 2.83 கன மீற்றர். புதியவை m³ என்று எழுதிய ஐந்து இலக்க மீற்றர்கள். அவற்றில் ஒரு யூனிற் ஒரு கன மீற்றர்தான். எஞ்சினியர் பெட்டியை மாற்றிவிட்டுப் போகிறார். கொம்பனியின் கணினியில் மட்டும் உங்கள் வீடு இன்னும் கன அடியிலேயே கிடக்கிறது. கன மீற்றரில் ஓடும் எண்ணை எடுத்து, மறுபடி 2.83ஆல் பெருக்கிப் பில் போடுகிறார்கள். ‘மூன்று மடங்கு’ அங்கேதான் பிறக்கிறது.

கணக்கைப் பாருங்கள். கன மீற்றரை 1.02264ஆல் பெருக்கி, பில்லில் உள்ள கலோரிப் பெறுமதியால், அதாவது வாயுவில் உள்ள வெப்பத்தின் அளவால் (39.5 என்று வைப்போம்) பெருக்கி, 3.6ஆல் வகுத்தால் கிலோவாட் மணி வரும். ஒரு கன மீற்றருக்கு ஏறத்தாழ 11.22. நீங்கள் 300 யூனிற் எரித்திருந்தால் 3,366 கிலோவாட் மணி. 6 பென்ஸ் வீதம் 202 பவுண். அதையே கன அடி என்று எடுத்தால் சுமார் 9,526 கிலோவாட் மணி, 571 பவுணுக்கு மேல். ஒரே அடுப்பு, ஒரே சுடுதண்ணீர்.

பில்லின் பின்பக்கத்தில் கணக்கு விபரம் இருக்கும். அதில் 2.83 என்ற எண் இருந்து, உங்கள் மீற்றரில் m³ என்று இருந்தால் வேறு சாட்சி தேவையில்லை. மீற்றரின் முகப்பும் தொடர் இலக்கமும் தெரியும்படி ஒரு படம் எடுங்கள். பில்லில் உள்ள எம்பிஆர்என் (உங்கள் வீட்டுக் காஸ் இணைப்புக்கு உரிய) இலக்கத்தையும் சேர்த்து, ‘முறைப்பாடு’ என்ற சொல்லை வெளிப்படையாகப் போட்டு அனுப்புங்கள். வெறும் விசாரணை என்று பதிந்தால் முறைப்பாட்டுக்கான நாளை எண்ணத் தொடங்கமாட்டார்கள். எட்டு வாரத்தில் தீராவிட்டால் இந்த முறைப்பாடுகளைத் தீர்க்கும் சுயாதீன அமைப்பான எனர்ஜி ஒம்புட்ஸ்மனிடம் போங்கள். கட்டணம் இல்லை, தீர்ப்பை நீங்கள் ஏற்றால் கொம்பனியும் கட்டுப்பட வேண்டும்.

இதே பிழை தலைகீழாகவும் நடக்கும். கன அடி மீற்றருக்குக் கன மீற்றர் பில் போட்டுவிட்டு, ஆண்டுகள் கழித்து மொத்தமாகக் கேட்பார்கள். 2018 முதல், காஸ், மின்சாரக் கொம்பனிகளைக் கண்காணிக்கும் ஒஃப்ஜெம் அமைப்பின் விதிப்படி, கொம்பனியின் பிழையால் பில் போடாமல் விட்ட காஸுக்கு 12 மாதத்துக்கு முன்னால் போய்ப் பணம் கேட்க முடியாது.

மாற்றம் இனிமேல்தான் என்றால், எஞ்சினியர் ஸ்பானரை எடுக்குமுன் பழைய மீற்றரின் கடைசி எண்ணைப் படம் எடுங்கள். வேலை முடிந்ததும் புதியதின் தொடக்க எண்ணையும் எடுங்கள். பழைய மீற்றர் வாகனத்தில் ஏறிய பின் உங்களிடம் வேறு ஆதாரம் கிடையாது.

மாற்ற வந்தவர் ‘கசிவு இருக்கிறது’ என்று காஸையே மூடிவிட்டுப் போய்விட்டார். அவர்கள்தானே சரிசெய்ய வேண்டும்?
– வாசகர், டூட்டிங்

மீற்றருக்குப் பின்னால் உள்ள குழாய் உங்களுடையது. கழற்றுமுன் அழுத்தச் சோதனை செய்வது அவர் கடமை. குழாயில் சுமார் 20 மில்லிபார் அழுத்தம் ஏற்றி, ஒரு நிமிடம் அடங்கவிட்டு, இரண்டு நிமிடம் பார்ப்பார்கள். அடுப்பும் பொயிலரும் இணைந்த வீட்டில் சிறு இறக்கத்துக்கு அனுமதி உண்டு. மணம் வந்தால் அதுவும் கிடையாது. தோற்றால் மூடித்தான் ஆக வேண்டும், அவரைத் திட்டாதீர்கள். காஸ் சேஃப் (காஸ் வேலை செய்பவர்களின் சட்டபூர்வப் பதிவேடு) பதிவுள்ளவரைக் கூப்பிடுங்கள். அவரது அடையாள அட்டையின் பின்பக்கத்தில் அவர் எந்தெந்த வேலைக்குத் தகுதி பெற்றவர் என்று இருக்கும். அதைத் திருப்பிப் பாருங்கள். வாடகை வீடு என்றால் செலவு வீட்டுக்காரருடையது.

மாற்ற வந்தவர் விட்டுப்போன தாளில் ‘பொண்டிங்’ (மின்னதிர்ச்சி வராமல் காஸ் குழாயை எர்த்துடன் இணைப்பது) என்று எழுதியிருந்தால் அதையும் கவனியுங்கள். மீற்றரிலிருந்து 600 மில்லிமீற்றருக்குள், கிளை பிரியுமுன், வழக்கமாக 10 சதுர மில்லிமீற்றர் கொண்ட பச்சை மஞ்சள் வயர் குழாயில் பூட்டியிருக்க வேண்டும். அது எலக்ட்ரீசியன் வேலை.

இணையத்தில் காஸ் மீற்றர் மலிவாகக் கிடைக்கிறது. நானே வாங்கி, தெரிந்த பிளம்பரைக் கொண்டு பூட்டினால்?
– வாசகர், வெம்ப்ளி

வேண்டாம். கொம்பனியின் மீற்றரில் கை வைப்பது குற்றம். அவர்கள் மாற்றும்போது மீற்றருக்கே காசு இல்லை. பிறகு எதற்கு வாங்குகிறீர்கள்?

ஸ்மார்ட் மீற்றரின் கதிரைத் தடுக்கும் கம்பி வலைக் கூடு நல்லதா?
– வாசகி, குரோய்டன்

காசைத் தடுக்கும். மீற்றரிலிருந்து வரும் ரேடியோ அலை கைபேசியினுடையதைவிடக் குறைவு. கைபேசியைத் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டு இதைக் கேட்காதீர்கள். காஸ் குழாயில் மாட்டினால் பில் குறையும் என்று விற்கும் காந்தமும் இதே இனம். ஒன்று என் இழுப்பறையில் இன்னும் கிடக்கிறது.

அம்மாவுக்கு 79 வயது, தனியாக இருக்கிறார். ஸ்மார்ட் போட்டால் தூரத்திலிருந்தே, முன்கூட்டிப் பணம் கட்டினால்தான் காஸ் வரும் முற்பண முறைக்கு மாற்றிவிடுவார்கள் என்று பயப்படுகிறார்.
– மகள், லெஸ்ரர்

அம்மாவின் பயம் வீண் அல்ல. தொடர்புள்ள மீற்றரை அப்படி மாற்ற முடியும், மாற்றியும் இருக்கிறார்கள். அதனால்தான் 2023இல் ஒஃப்ஜெம் விதியை இறுக்கியது: 75 வயதைத் தாண்டி, வீட்டில் துணையில்லாமல் இருப்பவருக்குக் கட்டாய முற்பண மீற்றர் கூடாது. ஆனால் அவர் அப்படி இருக்கிறார் என்று கொம்பனிக்குத் தெரிந்திருக்க வேண்டும். முன்னுரிமைச் சேவைப் பட்டியலில் அம்மாவின் பெயரைப் பதியுங்கள், இலவசம். வருகிறவர் சொல்வதற்கு ஒரு கடவுச்சொல்லும் வைத்துக்கொள்ளலாம். தொடர்பில்லாத மீற்றர் என்றால் தூரத்திலிருந்து மாற்றவே வழியில்லை.

காலை எட்டிலிருந்து பன்னிரண்டு வரை லீவு போட்டுக் காத்திருந்தேன். மீற்றர் மாற்ற யாரும் வரவில்லை.
– வாசகர், கொவென்றி

40 பவுண் உங்களுக்குச் சேர வேண்டும். 2025 ஏப்ரலுக்கு முன் அது 30. பத்து வேலை நாளுக்குள் தானாக வராவிட்டால் கேட்டு வாங்குங்கள்.