லினக்ஸ் சர்வரில் சிபியு பயன்பாட்டைப் பார்க்க டாப் கட்டளை மட்டும் போதுமா?

இந்த நொடியின் நிலையைப் பார்க்கப் போதும், டாப் (top) காட்டும் மூன்றாவது வரியைக் கடைசி எண் வரை படிப்பவருக்கு. நான் படிக்காமல் விட்டதால் ஒரு பெண் இரண்டு வாரம் பழி சுமந்தாள். அதனால்தான் இந்தக் கேள்வியைப் பார்த்துவிட்டுச் சும்மா போக முடியவில்லை.

நீங்களும் வாடகைக்கு எடுத்த மெய்நிகர் சர்வரைத்தான், அதாவது ஒரே எந்திரத்தைப் பலர் பங்கிட்டுக்கொள்ளும் சர்வரைத்தான், பார்த்துக்கொள்கிறீர்கள் என்று வைத்துக்கொள்கிறேன். இப்போது பெரும்பாலும் அப்படித்தான்.

2019 ஜனவரி. நான் அப்போது வேலை பார்த்த இடத்தில் பள்ளிக் கட்டணம் கட்டும் தளம் ஒன்று இருந்தது. நான்கு கோர் சிபியு, உபுண்டு 18.04 என்ற லினக்ஸ். மாலை ஏழு மணியானால் தளம் இழுக்க ஆரம்பிக்கும், பத்தரைக்கு மேல் தானாகச் சரியாகிவிடும். லோடு ஆவரேஜ், அதாவது ஓடுகிற, காத்து நிற்கிற வேலைகளின் சராசரி எண்ணிக்கை, ஒன்பது, பத்து என்று நிற்கும். யார் சிபியுவைத் தின்கிறார்கள் என்று, ஓடும் புராசஸ்களை (நிரல்களை) பட்டியலிடும் பிஎஸ் (ps) கட்டளை போட்டுப் பார்த்தேன். முதலிடத்தில் ரசீது தயாரிக்கும் சேவை, 80 சதவீதம். அதை எழுதியவள் வேலைக்குச் சேர்ந்து எட்டு மாதமே ஆன பெண். மீட்டிங்கில் அந்த ஸ்கிரீன்ஷாட்டைப் போட்டுக் காட்டியது நான்தான்.

பிஎஸ் காட்டும் சதவீதம் இந்த நொடியின் கணக்கு இல்லை. ஒரு புராசஸ் தொடங்கியதிலிருந்து செலவழித்த சிபியு நேரத்தை, அது தொடங்கி ஆன மொத்த நேரத்தால் வகுத்து வரும் சராசரி. தளம் இழுத்தால் நாங்கள் முதலில் செய்வது அந்தச் சேவையை ரீஸ்டார்ட் செய்வது. எழுந்த ஐந்து நொடிக்குள் நான்கு நொடி சிபியு எடுத்திருந்தால் 80 என்றுதான் வரும். அரை மணி கழித்துப் பார்த்திருந்தால் இரண்டோ மூன்றோதான் இருந்திருக்கும். நான் ஒவ்வொரு முறையும் ரீஸ்டார்ட் செய்த கையோடு பார்த்தேன்.

அவள் டேட்டாபேஸ் குவெரிகளை மாற்றி எழுதினாள், கேஷ் (cache) போட்டாள், இரவெல்லாம் உட்கார்ந்தாள். மாட்டுப் பொங்கல் அன்று போன் செய்தாள். "அண்ணா, இன்னிக்கு யாருமே பணம் கட்டல. கணக்கு முடிக்கிற வேலை மட்டும்தான் ஓடுது. அப்பவும் கரெக்டா ஏழு மணிக்கு இழுக்குது."

அன்றுதான் டாப்பை நிதானமாகப் படித்தேன். யுஎஸ் (நம் நிரல்கள்) 15, எஸ்ஒய் (லினக்ஸின் உள்வேலை) 5, ஐடி (சும்மா இருந்த நேரம்) 22, கடைசியில் எஸ்டி 58, எல்லாம் சதவீதம். ஸ்டீல் என்பதன் சுருக்கம் அந்த எஸ்டி. நம் மெய்நிகர் சர்வர் ஓடத் தயாராக நிற்கிறது, ஆனால் அடியில் இருக்கும் உண்மையான எந்திரம் அந்த நேரத்தை வேறு யாருக்கோ கொடுத்துவிட்டது. நேரம் கிடைக்காத வேலைகள் வரிசையில் நிற்பதால் லோடு ஆவரேஜும் ஏறும். புராசஸ் பட்டியலில் யாரைத் தேடினாலும் கிடைக்காது. சிபியுவைத் தின்றவர் நம் சர்வருக்குள்ளேயே இல்லை.

ஹோஸ்டிங் நிறுவனத்திடம் சொன்னோம். உங்கள் அப்ளிகேஷனைச் சரிபாருங்கள் என்று பதில் வந்தது. அவர்களுக்கு ஆதாரம் காட்ட வேண்டும், ஆனால் டாப் அந்தந்த நேரத்து நிலையைத்தான் காட்டும், பழையதைக் கேட்டால் அதனிடம் பதில் கிடையாது. அப்புறம்தான் சர்வரின் நிலையைத் தொடர்ந்து பதிவு செய்யும் சிஸ்ஸ்டாட் (sysstat) தொகுப்பைப் போட்டேன். போட்டால் மட்டும் போதாது. எங்கள் உபுண்டுவில் அதன் அமைப்புக் கோப்பில் எனேபிள்ட் என்பதை ட்ரூ என்று மாற்றிய பிறகுதான் பதிவு தொடங்கியது. பத்து நிமிடத்துக்கு ஒருமுறை எழுதிவைக்கும். அந்தப் பதிவைக் காட்டும் சார் (sar) கட்டளை கொடுத்தால் யூசர், சிஸ்டம், ஐஓவெய்ட் (டிஸ்க்குக்காகக் காத்த நேரம்), ஸ்டீல், ஐடில் எல்லாம் நேர வாரியாக வந்து விழும். ஐந்து நாள் பதிவை அனுப்பினேன். மறுநாளே எங்கள் சர்வரை வேறு எந்திரத்துக்கு மாற்றினார்கள், ஸ்டீல் ஒன்றுக்கும் கீழே போனது. அதே மீட்டிங்கில் எல்லோர் முன்னாலும் அவளிடம் மன்னிப்புக் கேட்டேன். ஆனால் அந்த வருட அப்ரைசலில் அவளுக்குப் போட்ட மதிப்பெண்ணை யாரும் திருத்தவில்லை. அவள் விட்ட தூக்கத்தையும் யாரும் வேலைநேரமாக எழுதவில்லை. நம் ஐடி நிறுவனங்கள் பலவற்றில் ஆன்கால் இரவு (அழைத்தால் உடனே வர வேண்டிய இரவு) என்பது சம்பளத்திலும் வராது, விடுப்பிலும் வராது. கேட்டால் பொறுப்புணர்ச்சி இல்லை என்பார்கள். இதைப் பற்றி யாராவது தனியாகக் கேள்வி கேளுங்கள், எழுதுகிறேன்.

டாப்பைப் போலவே, ஆனால் பார்க்க வசதியான ஹெச்டாப் (htop) பிடித்தவர்கள் கோபப்பட வேண்டாம், நானும் தினமும் அதைத்தான் திறக்கிறேன். அமைப்பில் விரிவான சிபியு நேரம் என்ற தேர்வைப் போட்டுக்கொள்ளுங்கள், இல்லையென்றால் ஸ்டீல் தனியாகப் பிரிந்து தெரியாது. லோடு ஏறினாலே ஸ்டீல்தான் என்றும் நான் சொல்லவில்லை. லினக்ஸில் டிஸ்க்குக்காகக் காத்து டி நிலையில் தூங்கும் புராசஸ்களும் லோடு கணக்கில் சேரும், அப்போது டாப்பில் டபிள்யூஏ (ஐஓவெய்ட்) எண்ணையும் பாருங்கள். சில மெய்நிகர் தளங்கள் ஸ்டீலை உள்ளே காட்டுவதே இல்லை, அங்கே பூஜ்யம் என்று வருவதை நம்ப முடியாது. ஒரே ஒரு கோர் மட்டும் நிறைந்திருக்கிறதா என்று தெரிய டாப்பில் 1 என்ற விசையை அழுத்துங்கள். எந்த புராசஸ் என்று நொடிக்கு நொடி வேண்டுமானால் சிஸ்ஸ்டாட்டோடு வரும் பிட்ஸ்டாட் (pidstat) கட்டளை இருக்கிறது.

இன்றே சிஸ்ஸ்டாட்டை ஓடவிடுங்கள். இரண்டு நாள் போகட்டும், பிறகு சார் காட்டுவதை அப்படியே இந்தப் பதிலுக்குக் கீழே ஒட்டுங்கள், பார்த்துச் சொல்கிறேன். அதுவரை யார் பெயரையும் மீட்டிங்கில் எடுக்காதீர்கள்.