சராசரியா, ஒவ்வொன்றுமா?

கேள்வி: பொருள்களை மனம் எப்படி வகைப்படுத்துகிறது என்பதை விளக்கும் புரோட்டோடைப், எக்ஸெம்ப்ளர் கோட்பாடுகள் எனக்கு ஒன்றுபோலவே தெரிகின்றன. எங்கே வேறுபடுகின்றன?

பதில்: மனதில் எது தங்குகிறது என்பதில். பார்த்த பறவைகளின் பொதுச்சாயல் ஒன்று தங்குகிறது, புதியதை அதோடு ஒப்பிடுகிறோம் என்பது புரோட்டோடைப். பார்த்த பறவைகளின் நினைவுகள் தனித்தனியாகத் தங்குகின்றன, புதியது அவை எல்லாவற்றோடும் சேர்த்து எவ்வளவு ஒத்துப்போகிறது என்று பார்க்கிறோம் என்பது எக்ஸெம்ப்ளர்.

கேள்வி: பெங்குவினைவிடக் குருவிதான் பறவைக்கு நல்ல உதாரணம் என்கிறோமே. உளவியலாளர் எலினோர் ராஷ் 1970களில் காட்டிய இது புரோட்டோடைப்புக்குச் சான்றுதானே?

பதில்: அப்படித்தான் பலரும் நினைக்கிறார்கள். ஆனால் குருவி பொதுச்சாயலுக்கும் நெருக்கம், நினைவிலுள்ள பெரும்பாலான பறவைகளுக்கும் நெருக்கம். இரண்டு கோட்பாடுகளும் இதை விளக்கிவிடும்.

கேள்வி: சரி, போஸ்னரும் கீலும் 1968ல் செய்த புள்ளிப் பரிசோதனை? புள்ளிகளாலான ஒரு மூல வடிவத்தைக் கலைத்துப்போட்டு உண்டாக்கிய வடிவங்களை மட்டும் கற்றவர்கள், கண்ணிலேயே படாத அந்த மூல வடிவத்தையும் சரியாக வகைப்படுத்தினார்களே!

பதில்: அழகான பரிசோதனை. ஆனால் மூல வடிவம் கற்ற வடிவங்கள் எல்லாவற்றுக்கும் நடுவில் இருக்கிறது; ஒவ்வொன்றோடும் கொஞ்சம் ஒத்துப்போகும். அவற்றைக் கூட்டினால் பெரிய ஒற்றுமை வந்துவிடும். தனி நினைவுகளை மட்டும் சேமிக்கும் கணினி மாதிரியால் 1986ல் ஹின்ட்ஸ்மன் இதைச் செய்து காட்டினார்.

கேள்வி: அப்புறம் எதை வைத்துத்தான் பிரிப்பது?

பதில்: சராசரி எடுத்தால் எது தொலையும் என்று யோசியுங்கள். எனக்குப் பிடித்த உதாரணம் கரண்டி. மெடினும் ஷோபனும் 1988ல் கேட்டுப் பார்த்தார்கள்: சின்னக் கரண்டி என்றால் உலோகத்தில் இருப்பதுதான் இயல்பு, பெரியது என்றால் மரத்தில் இருப்பது. ஒற்றைச் சராசரிக் கரண்டியில் அளவுக்கு ஒரு மதிப்பு, பொருளுக்கு ஒரு மதிப்பு இருக்கும். எது எதோடு சேரும் என்பது இருக்காது. தனித்தனிக் கரண்டிகளின் நினைவில் அது தானாகவே இருக்கிறது. புரோட்டோடைப்பின் உண்மையான பலவீனம் இதுதான் என்பேன்.

கேள்வி: அப்படியானால் எக்ஸெம்ப்ளர் ஜெயித்துவிட்டதா?

பதில்: இல்லை. ஸ்மித்தும் மிண்டாவும் 1998ல் கற்றலின் ஒவ்வொரு கட்டத்தையும் தனியாகப் பார்த்தார்கள். வகைகள் பெரிதாக, உள்ளுக்குள் நன்கு ஒத்திருந்தால், தொடக்கத்தில் புரோட்டோடைப் கணிப்பே நன்றாகப் பொருந்தியது. சில உருப்படிகளையே திரும்பத் திரும்பக் காட்டும் சின்ன வகைகளில் எக்ஸெம்ப்ளர் முந்துகிறது. ஆகவே எந்த ஆய்வைப் படித்தாலும், வகைக்கு எத்தனை உருப்படி, எத்தனை சுற்றுப் பயிற்சி என்பதை முதலில் பாருங்கள்.