பெட்டிக்குள் பேரேடு: கேள்வி பதில்

கேள்வி: செட்டிநாட்டு வீட்டில் கிடைத்த பழைய பேரேடு. பக்கத்துக்குப் பக்கம் மேலே ‘௨’ என்று இருக்கிறது. இரண்டு ரூபாயா?

அது பிள்ளையார் சுழி! அதே வடிவம் தொகைக்குள் வந்தால்தான் இரண்டு. க போல இருப்பது ஒன்று, எ போல இருப்பது ஏழு, அ போல இருப்பது எட்டு. ௨௱௩௰௪ என்றால் 234. ௱ நூறு, ௰ பத்து. கூட்டிப் பார்க்கும்போது ரூபாய்க்கு 16 அணா, அணாவுக்கு 12 பை. தாள்களைக் கட்டியிருந்த வரிசையை மட்டும் கலைக்காதீர்கள்.

கேள்வி: என்ன விலை போகும்?

நான் விலை சொல்வதில்லை.

கேள்வி: கடிதத்தில் ‘விரோதி வருஷம்’ என்று மட்டும் உள்ளது. 1829-ஆ, 1889-ஆ?

அறுபது வருஷச் சுற்றில் இதுதான் தொல்லை. உறையில் தபால் தலை இருக்கிறதா? இருந்தால் 1889. இந்தியா முழுமைக்கும் தபால் தலை வந்ததே 1854-இல்தான். இல்லையென்றால் அதே கட்டுக்குள் முன்னும் பின்னும் உள்ள தாள்கள் காட்டிக்கொடுக்கும். அதற்குத்தான் கலைக்காதீர்கள் என்கிறேன்.

கேள்வி: ‘மேலூர்க் கடை பற்று ௪௰’. தாத்தா அவருக்கு 40 ரூபாய் கடனா?

இல்லை, அவர்தான் தாத்தாவுக்குத் தர வேண்டும். பணம் போனால் வாங்கியவர் பேரில் பற்று, வந்தால் கொடுத்தவர் பேரில் வரவு.

கேள்வி: ஐயா, தலைகீழாகச் சொல்கிறீர்கள். என் பாஸ்புக்கில் பற்று என்றால் என் பணம் குறைகிறது!

பாஸ்புக்கை எழுதுவது யார்? வங்கி. அதன் பேரேட்டில் உங்கள் பேரில் உள்ள கணக்கு அது. பணத்தை வாங்கிக்கொண்டு போனது நீங்கள், அதனால் உங்கள் பேரில் பற்று. மேலூர்க்காரர் இடத்தில் நீங்கள், தாத்தா இடத்தில் வங்கி.

கேள்வி: அப்படியானால் வங்கியில் பணம் போட்டால் வங்கிக்குக் கடனா?

ஆமாம், உங்களுக்குத் தர வேண்டிய கடன். சரி, இதோடு விடுவோம்.

கேள்வி: மோல்மீனிலிருந்து ஏஜெண்டு எழுதிய கடிதத்தில் வட்டி விவரம், அடுத்த வரியிலேயே ‘பிள்ளைக்குப் பேச்சு வந்துவிட்டதா?’ என்று கேள்வி. வியாபாரக் கட்டில் வைப்பதா, குடும்பக் கட்டில் வைப்பதா?

அருமையான தாள் அது. பர்மாவுக்குப் போகும் ஏஜெண்டுக்குப் பெரும்பாலும் மூன்று வருஷத் தவணை, குடும்பம் ஊரிலேயே இருக்கும். பிள்ளை பேசத் தொடங்கியதை அவர் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியதுதான். பிரிக்க வேண்டாம், இருந்த இடத்திலேயே இருக்கட்டும்.

கேள்வி: பிராமிசரி நோட்டை வைத்து இப்போது பணம் கேட்கலாமா?

காலக்கெடு மூன்று வருஷம். நிலப் பத்திரம் என்றால் வக்கீலைப் பாருங்கள்.

கேள்வி: லேமினேட் செய்யலாமா? விலையும் சொன்னால்...

கூடாது. செலோ டேப்பும் கூடாது. விலைக்கு மேலே பதில் இருக்கிறது.